சொத்து வரியைக் குறைத்தால் குப்பையை யார் அள்ளுவது? கம்பைநல்லூர் முதல் கலிஃபோர்னியா வரை... முழு விளக்கம்

'வரியைக் குறைப்போம்' என்று யார் சொன்னாலும் கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா, தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் போன்ற ஒரு பேரூராட்சியில் வரி குறைந்தால் முதலில் எது அடிவாங்கும்? தெருவிளக்கா, குடிநீரா, குப்பை வண்டியா? தேர்தல் நேரத்தில் வரும் இந்த வாக்குறுதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கலாம்.

சொத்து வரி எதற்குப் போகிறது?

பேரூராட்சி தானே வசூலிக்கும் வருமானத்தில் முக்கியமானது சொத்து வரி. ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுகிறோம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை அள்ளுவது, தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் இந்தப் பணம் வேண்டும். கூடவே நூலக வரியும் உண்டு. சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போகிறது.

தர்மபுரிக்குத் தண்ணீர் தனிப் பிரச்சினை. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்புப் பாதிப்பு என்று தலைமுறைகள் அவதிப்பட்ட பிறகுதான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 17 பேரூராட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கும் காவிரி நீர் போகிறது. குழாய் போட்டது ஒருமுறைச் செலவு. தண்ணீருக்கான கட்டணம், மோட்டார் பழுது, குழாய் உடைப்பு எல்லாம் உள்ளாட்சிக்கு வருஷா வருஷம் வரும் செலவு.

தமிழ்நாட்டில் வரியைக் குறைத்த கதை

அமெரிக்காவின் சில மாநிலங்களில் வரியைக் குறைக்கலாமா என்று மக்களிடமே நேரடியாக ஓட்டு கேட்பார்கள். இங்கே அந்த முறை கிடையாது. ஆனா, தேர்தல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

2018-ல் அதிமுக அரசு சொத்து வரியை உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அது முடிந்து ஒன்றரை மாதத்துக்குள், ஏப்ரல் 1-ம் தேதி திமுக அரசு புதிய உயர்வை அறிவித்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம்.

ஆட்சி மாறினாலும் பாணி மாறவில்லை. தேர்தலுக்கு முன் குறையும், பின் ஏறும்.

அரசு சொன்ன காரணம் என்ன?

15-வது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்தினால்தான் 2021-26 காலத்துக்கான உள்ளாட்சி மானியம் கிடைக்கும். சிறிய நகரங்களுக்கான அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம், திடக்கழிவுக்கு என்றே ஒதுக்கப்பட்டது.

அதாவது, வரியில் கைவைத்தால் வரிப்பணம் மட்டும் போகாது. தண்ணீருக்கும் குப்பைக்கும் டெல்லியிலிருந்து வரும் பணமும் சேர்ந்து போகும்.

குறைத்தால் யாருக்கு லாபம்?

ஒரு உதாரணம். 2022-க்கு முன் சின்ன வீட்டுக்கு அரையாண்டு வரி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் கூடி 500 ஆனது. பெரிய வீட்டுக்கு 2,000 ரூபாய், 100 சதவீதம் கூடி 4,000. உயர்வு மொத்தத்தையும் ரத்து செய்தால் சின்ன வீட்டுக்காரருக்கு மிச்சம் 100 ரூபாய். பெரிய வீட்டுக்காரருக்கு 2,000 ரூபாய்.

குப்பை வண்டி வராவிட்டால்? காலி மனையிலும் ஏரிக்கரையிலும் குப்பை குவியும், எரியும். அந்தப் புகை வீட்டின் சதுர அடி பார்த்து வருவதில்லை. குழாயில் தண்ணீர் நின்றால் வசதி உள்ளவர் கேன் வாங்குவார். மற்றவர்கள் மறுபடி ஃபுளோரைடு போர்வெல்லுக்குத்தான் போகணும்.

வெளியூர் அனுபவம்

கலிஃபோர்னியாவில் 1978-ல் '13-வது முன்மொழிவு' மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் கூடாது. வீட்டு விலை எகிறி, வரி கட்ட முடியாமல் வீட்டையே இழப்போமோ என்று முதியவர்கள் பயந்தது நிஜம். ஆனா, சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே சரிந்தது. நூலகங்கள் திறந்திருக்கும் நேரம் குறைந்தது. நகராட்சிகள் விதவிதமான கட்டணங்களைப் போட்டன. வரி வேறு பெயரில் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் 2024 நவம்பரில் நடந்தது வேறு. கரியமில வாயு வெளியிடும் நிறுவனங்களிடம் பணம் வசூலிக்கும் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று ஓட்டெடுப்பு. 10 பேரில் 6 பேருக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள்.

நம் பக்கத்து ஆந்திராவில் 2021-ல் நகரங்களில் வந்த குப்பை வரியை, சந்திரபாபு நாயுடு அரசு 2024-ல் ரத்து செய்தது. வரிதான் போனது, குப்பை போகவில்லை. அதை அள்ளும் செலவுக்கு வேறு கஜானாதான் திறக்கணும்.

'வரி கட்டியும் சாக்கடை அடைச்சுத்தானே கிடக்கு?'

நியாயமான கோபம். வேலை நடக்காத ஊரில் வரியை ஏற்றினால் யாருக்கும் கட்ட மனசு வராது. ஆனா அதற்கு மருந்து கணக்குக் கேட்பது. பேரூராட்சியின் வரவு செலவையும், பெரிய கட்டடங்களின் வரி பாக்கியையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சின்ன வீடுகளுக்கு மட்டும் சலுகை கேட்பதும் ஒரு வழி.

2022-ல் தேர்வான கவுன்சிலர்களுக்குப் பதவிக்காலம் 5 ஆண்டு. அடுத்து ஓட்டு கேட்டு வருபவர் 'வரியைக் குறைப்பேன்' என்றால், எவ்வளவு குறையும் என்று மட்டும் கேட்காதீங்க. எந்தச் செலவை நிறுத்துவீங்க, அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்றும் சேர்த்துக் கேளுங்க.