இரண்டு அமினோ அமிலம் குறைந்தால்

உடல் பருமனைக் குறைக்கும் என்றும் சர்க்கரை வியாதியை அடக்கும் என்றும் இன்று ஊரெங்கும் பேசப்படுகிற ஊசி மருந்துகள், உணவு குடலில் இறங்கியதும் சுரக்கின்ற ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்டவை. அந்த ஹார்மோனோ, ஒரு நெடிய புரதத்தினின்று வெட்டி எடுக்கப்பட்ட, முப்பதே அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டு. இத்துணைச் சிறிய வஸ்து சரீரத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தவர், இதைக் கண்ட இடத்தில் வாங்கத் துணியமாட்டார்.

கணையத்தின் பீட்டா செல்களின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பி ஒன்று உண்டு. ஜி-புரத ஏற்பிகள் என்ற பெருங்குலத்தைச் சேர்ந்தது அது. அக்குலத்தை ஆராய்ந்தமைக்காகவே ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் 2012இல் ரசாயன நோபல் பரிசு பெற்றார்கள். செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் ஏற்பியின் பாகம் முதலில் ஹார்மோனின் வாலைப் பற்றிக்கொள்கிறது. பிறகு ஹார்மோனின் தலை ஏழு சுருள்களுக்கு நடுவேயுள்ள குழியில் இறங்க, சுருள்கள் சற்றே விலக, உட்புறம் காத்திருக்கும் ஜி-புரதம் விழித்தெழுந்து, செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகி, ரத்தத்தில் சர்க்கரை மிகுந்த வேளையில் இன்சுலின் சுரக்கிறது. பற்றுவது வால், எழுப்புவது தலை என்னும் இந்தப் பங்கீட்டில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ரத்தத்திலுள்ள டி.பி.பி.-4 என்ற நொதி தலையிலிருந்து இரண்டே இரண்டு அமினோ அமிலங்களைச் சில நிமிஷங்களில் நறுக்கிவிட, மற்ற இருபத்தெட்டும் பழுதின்றி இருந்தும் ஏற்பியை எழுப்பும் சக்தி அநேகமாக அற்றுப்போகிறது. கீலா மான்ஸ்டர் என்னும் வட அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் விஷத்தில் கிடைத்த எக்ஸெண்டின்-4 இதே ஏற்பியைத் தூண்ட வல்லது. அதன் முதல் எட்டு அமினோ அமிலங்களை நீக்கினாலோ, எஞ்சியது வாசற்படியில் அமர்ந்து தானும் உள்ளே போகாமல் பிறரையும் போகவிடாத எதிரியாகிவிடுகிறது.

இனி, இத்தகைய சிறு அமினோ அமிலக் கோவைக்குரிய 'பெப்டைடு' என்னும் பெயரில் சமூக வலைத்தளங்களில் விற்கப்படும் பொருளைக் கவனியுங்கள். ரப்பர் மூடியிட்ட சிறு கண்ணாடிக் குப்பி. அடியில் வெண்மையான தூள். ஒட்டியுள்ள சீட்டில், 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்திற்கு அன்று' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த வரி விற்பவனைக் காப்பதற்கே எழுதப்பட்டது என்பது என் திடமான அபிப்பிராயம். தூள் முழு மருந்தா, தலை அறுந்த துண்டா, வெப்பத்தில் சிதைந்ததா என்பதைக் கண்ணால் கண்டறிய மார்க்கமே இல்லை. இவ்வகை ஊசிகளில் பெயர்பெற்ற செமாக்ளூடைடிலேயே போலிகள் புகுந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. அசல் மருந்துக்கும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி ஆகிய தோஷங்கள் உண்டு. முதுகுவரை பாயும் கடுமையான வயிற்றுவலி கண்டால் மறு ஊசி போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்தில் எவருக்கேனுமோ வந்திருந்தால் இதைத் தொடவே கூடாது.

மருத்துவர் சீட்டின்றி விற்கத் தகாத மருந்து இது. வாங்கும்போது பில் கேட்பது நம் உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகமாகும். இதனினும் பெரிய உரிமையொன்றைப் பலர் அறியார்: 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ், மருந்து வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி, அதை அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். கண்ணுக்குத் தெரியாத குறையை நிரூபிக்கச் சாமானியனுக்கு வேறு வழியில்லாத நிலையில், இந்தப் பிரிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடரவும் இடம் தருகிறது. பக்கவிளைவு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். வணிக மோசடிக்கு 1915. நஷ்டஈடு கோருபவர், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்; இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யவேண்டும். அதுவரையில் குப்பியை ஆத்திரத்தில் எறிந்துவிடாமல், எஞ்சிய மருந்தோடும் தொகுதி எண் அச்சிட்ட அட்டைப்பெட்டியோடும், உறைநிலைக்குப் போகாத தட்டில் குளிர்ப்பெட்டியினுள் வைத்து, பணம் அனுப்பிய ரசீதையும் விற்றவரோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம்.