விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் கணினி வேகமாகுமா?

கணினி மந்தமாக ஓடுகிறது என்றால் உடனே வருகிற யோசனைகளில் ஒன்று, விர்ச்சுவல் மெமரியைக் கூட்டி வைப்பது. ராமைப் போல ஒன்றரை மடங்கு என்று ஒரு பழைய கணக்கும் கூடவே வரும். இதனால் வேகம் கூடாது. இடம் போதாமல் புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்வதை இது தடுக்கலாம். அது வேறு பலன்.

விர்ச்சுவல் மெமரி என்ற ஏற்பாடு 1962-இலேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் வந்துவிட்டது. விலை உயர்ந்த வேகமான நினைவகம் அதில் கொஞ்சமே இருந்தது. மெதுவான காந்த உருளையில் இடம் ஆறு மடங்கு. டாம் கில்பர்ன் குழுவினர் இரண்டையும் ஒரே நினைவகமாகக் காட்டி, வேண்டிய பகுதியைக் கணினியே எடுத்துவரும்படி செய்தார்கள். விண்டோஸும் இன்று அதைத்தான் செய்கிறது. ராம் நெருக்கடியாகும்போது, சற்று நேரமாகத் தொடாத தகவல்களை 4 கிலோபைட் பக்கங்களாக, வழக்கமாக சி டிரைவில் இருக்கும் பேஜ்ஃபைல் என்ற கோப்புக்கு அனுப்பிவிடுகிறது. விர்ச்சுவல் மெமரியைக் கூட்டுவது என்றால் இந்தக் கோப்பைப் பெரிதாக்குவதுதான். அவற்றைத் திரும்ப எடுக்கும்போதுதான் தாமதம். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெகண்ட் போதும். எஸ்.எஸ்.டி.க்கு அதைப் போல் பல நூறு மடங்கு ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு லட்சம் மடங்கு வரை போகும். பக்கங்கள் ஓயாமல் போய்வரத் தொடங்கினால் டிஸ்க் விளக்கு அணையாது. மவுஸ் நகரும், கிளிக்குக்குப் பதில் வராது. பேஜ்ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் இந்தத் தாமதம் குறையப்போவதில்லை.

'கூட்டிய பிறகு சரியாகிவிட்டதே' என்பவர்கள் சொல்வதும் உண்மைதான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 'கமிட்டட்' என்பதன் கீழே இரண்டு எண்கள் தெரியும். இரண்டாவது எண், ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த எல்லை. முதல் எண் அதைத் தொட்டால், கேட்கும் புரோகிராமுக்கு இடம் மறுக்கப்படும். யாரோ முன்பு அளவைச் சிறிதாக நிர்ணயித்திருந்தாலோ, சி டிரைவ் நிரம்பியிருந்தாலோ இந்த முட்டல் சீக்கிரம் வரும். முதலாவதற்கு அளவைக் கூட்டுவதும், இரண்டாவதற்கு டிரைவில் இடம் ஏற்படுத்துவதும் சரியான வைத்தியமே. மற்றபடி, தானாக நிர்வகிக்க விட்டால் விண்டோஸ் தேவைக்கேற்பப் பேஜ்ஃபைலை வளர்த்துக்கொள்ளும்.

16 ஜிபி ராம் இருக்கிறதே, பேஜ்ஃபைலையே எடுத்துவிடலாமே என்பது எதிர்க்கோடி வாதம். புரோகிராம்கள் உண்மையில் பயன்படுத்துவதைவிட அதிக இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்கின்றன. அதற்கெல்லாம் விண்டோஸ் ஈடு காட்டியாக வேண்டும். பேஜ்ஃபைல் இல்லாவிட்டால், ராம் காலியாகத் தெரியும்போதே 'மெமரி போதாது' என்ற செய்தி வந்து நிற்கும். எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது. ராம் போதுமானதாக இருந்தால் அங்கே எழுதப்படுவது குறைவு.

ஆகவே பேஜ்ஃபைல் அமைப்பைத் தானியங்கியிலேயே விட்டு, சி டிரைவில் தாராளமாக இடம் வையுங்கள். கணினியோடு சேர்ந்து தொடங்கும் புரோகிராம்களையும் திறந்தே கிடக்கும் பிரவுசர் டேப்களையும் குறையுங்கள். கையில் பணம் இருந்தால் ராமைக் கூட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாங்குமுன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.