கண்ணுல படுற வரைக்கும்தான் பறக்கணும்! ஆர்.சி விமானம் விடுறீங்களா? இதைப் படிங்க

புதுசா ஒரு ஆர்.சி விமானம் வாங்கியாச்சு. பேட்டரியும் சார்ஜ் ஏறியாச்சு. அடுத்து நேரா மொட்டை மாடிக்கா? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

'இது ட்ரோன் இல்லையே, சும்மா தெர்மாகோல் விமானம்தானே' என்று நினைக்காதீங்க. இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021, நாலு விசிறியோடு பறப்பதையும் இறக்கை வைத்துப் பறப்பதையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கின்றன. அதில் 'மாடல்' என்று தனிப் பிரிவு உண்டு. எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்ற காரணங்களுக்காக மட்டுமே இருக்கணும். முக்கியமா, உங்க கண்பார்வைக்குள்ளேயே பறக்கணும்.

ஏன் கண்பார்வை?

ஒரு மீட்டர் அகல இறக்கை, 115 மீட்டர் தூரத்தில் முழு நிலா அகலத்துக்குத் தெரியும். 460 மீட்டர் போனா அதில் கால்வாசிதான். புள்ளி தெரியும், ஆனா அது வருதா, போகுதா, எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியாது. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது, வலது வேற தலைகீழா மாறிடும். அப்போ ஒரு எளிய வழி: எந்தப் பக்க இறக்கை கீழே சாயுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்க. நேராகிடும்.

எங்கே, எவ்வளவு உயரம்?

பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ தூரத்துக்குள் என்றால் 200 அடிதான். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது. தற்காலிக சிவப்பு மண்டலமும் அறிவிக்கப்படலாம். நேத்து பச்சையா இருந்த மைதானம் இன்னைக்குச் சிவப்பா மாறியிருக்கலாம். அதனால ஒவ்வொரு முறையும் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

லைசென்ஸ் வேணுமா?

பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால், 2 கிலோ வரை பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதுக்காகப் பதிவும் வேண்டாம்னு அர்த்தமில்ல. தனி அடையாள எண் வாங்குறது தனி வேலை. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம்.

மைதானத்துல...

* முதலில் ரிமோட்டை ஆன் பண்ணுங்க, அப்புறம் விமானத்தை. அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட்.
* சிக்னல் போனால் மோட்டார் தானா நிக்குதான்னு தரையிலேயே சோதிச்சுப் பாருங்க. புரொப்பல்லரைக் கழற்றிட்டுச் செய்யுங்க.
* சூரியனை முதுகுப் பக்கம் வெச்சு நில்லுங்க. ஆட்கள் தலைக்கு மேல பறக்கவிடாதீங்க.
* ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா உடனே இறக்கிடுங்க. ஆள் இருக்கும் விமானத்துக்குத்தான் வழி.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு தோணுதா? ஒரு கிலோ விமானம் 60 கி.மீ வேகத்துல மோதினா, அதே எடை நாலு மாடி உயரத்திலிருந்து தலையில் விழுற மாதிரி. பக்கத்துல கிரிக்கெட் ஆடுற பையன் ஹெல்மெட் போட்டிருக்க மாட்டான். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம்னு ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் போதும், அதுக்கு மேல தள்ளிப் போகவிடாம திருப்பிடுங்க!