மனநலச் செவிலியருக்கு முனைவர் பட்டம் எதற்கு?

மனநல வார்டில் மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்துபோகும் நேரம் போக, மிச்ச நேரம் முழுக்க நோயாளியோடு இருப்பவர்கள் செவிலியர்கள்தான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழுங்கியதுபோல் காட்டுபவர் யார், இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பவர் யார், நள்ளிரவில் வராந்தாவில் ஓயாமல் நடப்பவர் யார் என்பதெல்லாம் முதலில் அவர்களுக்குத்தான் தெரியவரும். இந்த அறிவு டியூட்டி மாறும்போது வாய்மொழியாக அடுத்தவர் காதுக்குப் போகிறது; ரிப்போர்ட் புத்தகத்தில் இரண்டு வரியாக ஏறுகிறது; பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. மருத்துவத்தில் ஒரு விஷயம் ஆதாரமாக மதிக்கப்பட வேண்டுமானால், யாராவது அதைக் கேள்வியாக்கி, அளந்து, ஒப்பிட்டு, பிறர் சரிபார்க்கும்படி எழுதிவைத்திருக்க வேண்டும். மனநலச் செவிலியத்தில் முனைவர் பட்டம் என்ற படிப்பின் முதன்மையான நியாயம் இதுதான். நம் நாட்டில் அதைப் பதவி உயர்வுக்கான சான்றாகவே பலரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை படிப்பவருக்கும் நஷ்டம், வார்டில் படுத்திருப்பவருக்கும் நஷ்டம்.

படிப்பின் பாதை நீளமானது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, அதன்பின் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு, அதில் சிறப்புப் பிரிவுகளில் ஒன்று மனநலச் செவிலியம். அதற்குப் பிறகே பிஎச்.டி. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலச் செவிலியத்திற்கென்றே முனைவர் ஆய்வு நடக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் சேர்ந்து அமைத்த செவிலிய முனைவர் படிப்புக்கான தேசியக் கூட்டமைப்பு இன்னொரு வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு. பெண்களுக்கு இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. பெண்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு தொழிலில், படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதை இந்த ஒரு விதிதான் பலருக்கும் தீர்மானிக்கும். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் படித்துத் தேர்வெழுதி, ஆய்வுத் திட்டத்தை எதிக்ஸ் கமிட்டியில் வைத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வார்டுக்குள் தரவு சேகரிக்கப் போக முடியும். மனநலத் துறையில் அந்த ஒப்புதலுக்குக் கூடுதல் கனம் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 99ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை ஆய்வுக்காக நேர்காணல் செய்வதற்கே அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்கிறது. உளவியல், மருந்து போன்ற தலையீடுகள் உள்ள ஆய்வில், சம்மதம் தரும் நிலையில் அவர் இல்லையென்றால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி தேவை. ஒருவர் சம்மதம் தரும் நிலையில் இருக்கிறாரா என்று கணிப்பதே தனித் தேர்ச்சி. அது பழகாமல் இந்தத் துறையில் ஆய்வு செய்ய இறங்கக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்பதற்கு நார்வேயில் ஒரு நல்ல விடை இருக்கிறது. அங்கே ட்ரோன்ட்ஹெய்ம் நகரின் ப்ரோசெட் மருத்துவமனையில், நோயாளி வன்முறையில் இறங்குவதற்கு முந்தைய மணிநேரங்களில் ஊழியர்கள் என்னென்ன குறித்துவைத்திருந்தார்கள் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பத் தென்பட்டவை ஆறு அடையாளங்கள்: குழப்பம், எரிச்சல், கூச்சலும் ஆர்ப்பாட்டமும், வாய்வழி மிரட்டல், உடல்வழி மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொன்றும் இருந்தால் 1, இல்லையென்றால் 0. கூட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் கவனம் தேவை என்று பொருள். இந்தப் பட்டியலைச் சோதித்து, உலகம் முழுவதும் பயன்படுத்தத் தக்க கருவியாக்கியவர்களில் முக்கியமானவர் ரோஜர் அல்ம்விக் என்ற மனநலச் செவிலியர். முனைவர் ஆய்வு செய்தவர். பிறகு சுவிட்சர்லாந்தில் கிறிஸ்டோஃப் அப்டர்ஹால்டன் என்ற செவிலிய ஆய்வாளரின் குழு 14 கடுநிலை (அக்யூட்) மனநல வார்டுகளில் இந்தக் கருவியைச் சீட்டுக்குலுக்கல் முறையில் பரிசோதித்து 2008இல் முடிவை வெளியிட்டது. கருவியைப் பயன்படுத்திய வார்டுகளில் கடுமையான வன்முறைச் சம்பவங்கள் 41 விழுக்காடும், கட்டிப்போடுவது போன்ற வலுக்கட்டாய நடவடிக்கைகள் 27 விழுக்காடும் குறைந்தன. அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் “இன்னிக்கு இவர் சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று சொல்வதில் அடங்கியிருக்கும் அதே அறிவுதான் இது. ஆனால் அவர் லீவில் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். ஆறு வரிகளாக்கி எண்களால் நிரூபித்த பிறகு, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் கையிலும் அது இருக்கும்.

இரண்டாவது சான்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மனநலச் செவிலியப் பேராசிரியராக இருந்த லென் பவர்ஸின் ஆய்வு. வார்டில் சண்டை மூள்வது நோயின் வேகத்தால் மட்டுமா, வார்டு நடத்தப்படும் விதத்தாலும் கூடவா என்று அவர் பல ஆண்டுகள் துருவினார். பின்னதற்கும் பெரும் பங்கு உண்டு என்ற முடிவிலிருந்து ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறை பிறந்தது. அதில் பத்து நடைமுறைகள். எதற்கும் பெரிய செலவு கிடையாது. ‘முடியாது’ என்று சொல்ல வேண்டி வந்தால் எந்தச் சொற்களில் சொல்வது என்பது ஒன்று. வீட்டிலிருந்து கெட்ட செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் அதை நோயாளிக்கு எப்படிப் பக்குவமாகச் சேர்ப்பது என்பது இன்னொன்று. டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர், புதிதாக வருகிறவர்களுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி வார்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போவது மற்றொன்று. அட்மிஷன் ஆன முதல் இரவில் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, இங்கிருந்து குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் உண்டு என்று அந்தச் சுவர் சொல்கிறது. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்த பரிசோதனையின் முடிவு 2015இல் வெளியானது: மோதல்கள் 15 விழுக்காடும், அடக்கிவைக்கும் நடவடிக்கைகள் 26.4 விழுக்காடும் குறைந்திருந்தன. சம்பவங்களைப் பதிவு செய்தவர்கள் அந்தந்த வார்டு ஊழியர்களே என்பதால் இந்த எண்களை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதே முறையைக் கொண்டுவந்த வார்டுகளில், நோயாளிகளைத் தனியறையில் அடைப்பது ஓராண்டில் 36 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. இரு நாடுகளில் ஒரே திசையில் வரும் முடிவைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஏற்கெனவே ஆய்வு செய்துகொண்டுதானே இருக்கிறார்கள், அவர்களே இதையும் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் ஒருவர் நாள் முழுக்க எந்த வேலையில் இருக்கிறாரோ அதிலிருந்துதான் அவருக்குக் கேள்விகள் எழும். எந்த மருந்து எந்த அளவில் வேலை செய்யும் என்பது மருத்துவரின் கேள்வி. அந்த மருந்தை வாங்க மறுப்பவரிடம் எப்படிப் பேசினால் வாங்கிக்கொள்வார் என்பது, கையில் மருந்து டிரேயோடு நிற்பவரின் கேள்வி. அது ஒரு சின்னக் கேள்விபோல் தெரிந்தாலும், சிகிச்சை பலிப்பதும் பலிக்காமல் போவதும் பல நேரம் அங்கேதான் முடிவாகிறது. அமெரிக்காவின் ஹில்டகார்ட் பெப்லோ, செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று ஒரு நூல் எழுதினார். 1948இலேயே எழுதி முடித்த அந்த நூல் 1952இல்தான் வெளிவந்தது. மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் ஒரு செவிலியர் தனித்து நூல் எழுதுவதை அன்றைய பதிப்புலகம் ஏற்கத் தயங்கியது. மறு ஆண்டு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலியத்துக்கான முதல் சிறப்பு முதுநிலைப் படிப்பை உருவாக்கினார். இன்று உலகெங்கும் மனநலச் செவிலிய மாணவர்கள் முதல் பாடமாகப் படிக்கும் கோட்பாடு அவருடையது. செவிலியர்–நோயாளி உறவு பற்றிய அந்தக் கேள்வியை வேறு யாரும் அவருக்காகக் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஆள் பற்றாக்குறையைக் காட்டி எழும் மறுப்பு இன்னும் அழுத்தமானது. 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை. இப்படிப்பட்ட நாட்டில் பயிற்சி பெற்ற செவிலியரை ஐந்தாறு ஆண்டு ஆய்வேட்டோடு கட்டிப்போடுவது சரியா? குறுகிய பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர்களே போதுமே? ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு வீடு தேடிச் சென்று உதவும் சமுதாயப் பணியாளர்களை வைத்துத் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தபோது அளவான பலன் தெரிந்தது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணியாளர்களுக்குப் பின்னால் ஒரு பாடத்திட்டம் இருந்தது, அவர்களை மேற்பார்வையிட ஆள்கள் இருந்தார்கள், பலனை அளக்கும் முறை இருந்தது. அவற்றை வடிவமைப்பது ஆய்வுத் தேர்ச்சி கோரும் வேலை. தவிர, 2017 சட்டம் பொதுச் செவிலியப் பட்டமோ டிப்ளமோவோ உள்ளவரையும் மனநலச் செவிலியர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பற்றாக்குறையுள்ள நாட்டில் அதற்குக் காரணம் புரிகிறது. அப்படி வருகிறவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வார்டின் தலையில் விழுகிறது. எதைக் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டு என்று நிரூபித்துக் காட்டச் சிலர் இருந்தே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கில் முனைவர்கள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெரிய மனநல மருத்துவமனைக்கு இரண்டு மூன்று பேர் இருந்தாலே நிலைமை மாறும்.

இந்தப் படிப்புக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நான் முழுமையாக ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. நம் ஊரில் முனைவர் பட்டம் பெற்ற செவிலியர் வார்டை விட்டுக் கல்லூரிக்குப் போய்விடுகிறார். பேராசிரியர், துணை முதல்வர், முதல்வர் என்று ஏணி அங்கேதான் இருக்கிறது. வார்டில் அந்தப் பட்டத்துக்கென ஒரு பதவியும் கிடையாது, சம்பள உயர்வும் கிடையாது. ஆய்வுத் தலைப்புகளும் இதே நோயைக் காட்டுகின்றன. ‘இன்ன விஷயம் குறித்த அறிவில், திட்டமிட்ட கற்பித்தலின் பயன்’ என்ற வார்ப்பில் தலைப்பு. ஒரு பகுதி மக்களுக்கு முன்தேர்வு, ஒரு வகுப்பு, பின்தேர்வு. மதிப்பெண் கூடியது என்று முடிவு. வகுப்பு எடுத்தால் மதிப்பெண் கூடும் என்பதை நிரூபிக்க ஒரு முனைவர் ஆய்வு தேவையில்லை. எளிதில் முடியும், எதிக்ஸ் கமிட்டியில் சிக்கல் வராது, கைடுக்கும் பழகிய வடிவம் என்பதால் இது தொடர்கிறது. மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, வீட்டையும் கவனித்துக்கொண்டு, உதவித்தொகை இல்லாமல் படிப்பவர் பாதுகாப்பான தலைப்பைத்தான் எடுப்பார். மாற வேண்டியது அமைப்பு. வேலூர் சி.எம்.சி.யில் செவிலியக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வார்டுப் பொறுப்பும் சேர்ந்தே இருக்கும் நடைமுறை நெடுங்காலமாக உண்டு: பாடம் நடத்துகிறவரே நோயாளியையும் பார்க்கிறார். அரசு மனநல மருத்துவமனைகளிலும் இப்படி இரட்டைப் பொறுப்புள்ள பதவிகளை உருவாக்கினால், பட்டம் வாங்கியவர் வார்டை விட்டுப் போக வேண்டிய கட்டாயமே எழாது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள தேசியச் செவிலிய, மகப்பேறு உதவிப் பணி ஆணையச் சட்டம் 2023, இதையெல்லாம் புதிதாக எழுத நல்ல வாய்ப்பு.

அப்படி வார்டிலேயே நிற்கும் ஓர் ஆய்வாளருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 2017 சட்டத்தின் 97ஆம் பிரிவு, தனிமையில் அடைப்பதை அறவே தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே கட்டிப்போடலாம் என்கிறது. கட்டும்போது காரணத்தையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் பதிய வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதற்கான தரவு சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த ஷிஃப்டில் அதிகம் கட்டுகிறார்கள், எத்தனை செவிலியர் டியூட்டியில் இருந்த இரவில் அது குறைந்தது, கட்டுவதற்கு முன் பேசிப் பார்த்தார்களா என்பதை அதிலிருந்தே தொடங்கி ஆராயலாம்.

இன்னொரு கேள்வி நார்வேக்காரருக்கோ லண்டன்காரருக்கோ தோன்றவே தோன்றாது. நம் மனநல வார்டுகள் பலவற்றில் குடும்பத்தாரும் கூடவே தங்குகிறார்கள். 1950களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற மனநல மருத்துவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். வேலூரிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வேரூன்றியது. ப்ரோசெட் பட்டியலின் ஆறு அடையாளங்களும் ஊழியர் கண்ணில் படுபவை. மகனின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்க்கு, அந்த ஆறுக்கும் முன்னாலேயே ஏதாவது தெரிந்துவிடுகிறதா? அவர் சொல்வதையும் ஏழாவது வரியாகச் சேர்த்தால் முன்கணிப்பு மேம்படுமா? அல்லது பயத்தில் அவர் மிகைப்படுத்திச் சொல்வதால் தேவையில்லாத ஊசிகள்தான் கூடுமா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு வார்டில் தாயின் கருத்தைக் கேட்டும், இன்னொன்றில் கேட்காமலும் ஆறு மாதம் பதிவு வைத்தால் ஓரளவு விடை தெரியும். இரவில் அந்தப் பதிவை வைக்கப்போகிறவரும், அந்தத் தாயிடம் எந்த நேரத்தில் எப்படிக் கேட்க வேண்டும் என்று அறிந்தவரும் செவிலியர்தான்.