மையச் சிரைக் குழாய்: உறைவும் தொற்றும் வராமல் காத்தல்

கீமோதெரபி பெறுவோர் சிலருக்கு மேற்கையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே தெரியும். வேறு சிலருக்கு நெஞ்சின் தோலுக்கடியில் சிறு பொத்தானைப் போன்ற தடிப்பு மட்டும் இருக்கும். முன்னதைப் 'பிக் லைன்' என்றும் பின்னதைப் 'போர்ட்' என்றும் வார்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டின் நுனியும் இதயத்தின் வல மேலறைக்கு அருகில், மேற்பெருஞ்சிரையினுள் நிற்கிறது. கையிலுள்ள சிறு சிரையைப் புண்ணாக்கிவிடும் மருந்துகூட, அங்கே விரைந்தோடும் மிகுந்த இரத்தத்தில் உடனே கலந்து நீர்த்துவிடும். 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தம் கைச்சிரை வழியாகத் தம் இதயம்வரை ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே சென்று படமெடுத்தார். அத்துணிவுக்கு 1956இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே வழியில் இன்று பல மாதச் சிகிச்சையைத் தருகிறோம்.

எனினும் இரத்தத்துக்குக் குழாய் ஓர் அந்நியப் பொருளே. அது சிரையின் உட்சுவரை உரசுகிறது. ஓட்டத்தைச் சற்றுத் தடுக்கிறது. புற்றுநோயோ இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. மூன்றும் சேரும்போது குழாயைச் சுற்றி இரத்தம் உறையக்கூடும். உறைவு பெருத்தால் கை வீங்கும். அதன் துண்டொன்று பிரிந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சிரையின் அளவை அல்ட்ராசவுண்டில் பார்த்து, அதற்குப் பொருந்தும் மிகச் சிறிய குழாயையே தேர்கிறோம். நுனி உரிய இடத்தில் நிற்கிறதா என்பதையும் உறுதி செய்கிறோம்.

குழாய் உள்ள கையைத் தலையணைமேல் வைத்து அசையாமல் காப்பதே நல்லது என்று பல குடும்பத்தார் எண்ணுகின்றனர். அன்பினால் செய்வதுதான்; ஆனால் அசையாத கையில் இரத்த ஓட்டம் மந்தமாகும். சாப்பிடலாம், தலை வாரலாம், எழுதலாம், விரல்களை மூடித் திறக்கலாம். நிறைகுடத்தைத் தூக்குவதும் ஓடும் பேருந்தில் அக்கையால் கம்பியைப் பற்றித் தொங்குவதும் கூடாது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டாமென்று நீங்களே சொல்லுங்கள். வெளியிடத்துப் பரிசோதனைக் கூடத்தில் இதைச் சொல்லத் தயங்குவோர் பலர். மருத்துவர் தடுக்காதவரை நீர் போதிய அளவு அருந்துங்கள்.

'உறையாமலிருக்க மாத்திரை தரக்கூடாதா?' என்று கேட்கிறார்கள். குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் அம்மருந்தைத் தருவதில்லை. கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அதுவே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். பக்கத்து வீட்டார் சொன்னாரென்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பயன்படுத்தாத வாரங்களிலும் பிக் லைனை உப்புநீர் செலுத்திக் கழுவ வேண்டும். வழக்கமாக வாரம் ஒருமுறை. போர்ட்டுக்கு இடைவெளி நீளம். உங்கள் அட்டையில் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். செவிலியர் 10 மில்லி சிரிஞ்சினால் விட்டு விட்டுத் தள்ளுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த விட்டு விட்டு வரும் ஓட்டமே உட்சுவரில் படிந்ததைக் கழுவுகிறது. சிறிய சிரிஞ்சின் மிகை அழுத்தமோ குழாயைப் பிளக்கக்கூடும். மருந்து உள்ளே செல்கிறது, இரத்தம் மட்டும் வரவில்லையெனில் நுனியில் மெல்லிய உறை படிந்திருக்கலாம். அதைக் கரைக்க மருந்துண்டு. வலிந்து தள்ளுவது மட்டும் கூடாது.

தொற்றைத் தடுப்பதில் முதலிடம் கைகழுவுதலுக்கே. குழாயின் மூடியைத் தொடுபவர் யாராயினும் முதலில் கை கழுவ வேண்டும். மூடியைக் கிருமிநாசினியால் அழுத்தித் தேய்த்து உலரவிட வேண்டும். மறந்தவர் மருத்துவரே ஆனாலும் நினைவூட்டுங்கள், நாங்கள் வருந்தமாட்டோம். ஒளி ஊடுருவும் ஒட்டுக்கட்டை 7 நாளுக்கொருமுறை மாற்றுகிறோம். நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ அன்றே வாருங்கள். குளிக்கும்போது கட்டின்மேல் நீர் புகாதபடி உறையிடுங்கள். குளத்தில் இறங்க வேண்டாம். மஞ்சளோ திருநீறோ அவ்விடத்தில் பூச வேண்டாம். நெற்றியில் இட்டால் போதும்.

காய்ச்சலைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறோம். கீமோதெரபிக் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் கிளம்பி வாருங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பது பெரும் ஆபத்து: மருந்து சூட்டைத் தணிக்கும், இரத்தத்திலுள்ள கிருமியை அது தொடாது. குழாயைக் கழுவிய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தாலும் அப்படியே. கை, கழுத்து, முகத்தில் வீக்கம், தோளில் வலி, நெஞ்சுத் தோலில் புதிதாகப் புடைத்த சிரைகள் ஆகியன உறைவைக் காட்டலாம்; அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ எனில் ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள். உறைவு கண்டவுடன் குழாயை எடுத்துவிடுவோம் என்று அஞ்சிச் சிலர் மறைக்கிறார்கள். குழாய் நன்றாக இயங்கி, அதன் தேவையும் இருந்தால், உறைவெதிர் மருந்து கொடுத்துக்கொண்டே அதைத் தொடர்ந்து பயன்படுத்த முடியும்.

வெளிக்குழாய் எங்கேனும் பிளந்தால், பிளவுக்கும் உடலுக்கும் நடுவே கிளாம்ப்பை இறுக்குங்கள். இல்லையெனில் குழாயை மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று உள்ளே புகக்கூடாது.

சிறுநீரக நோய் இருந்தால் பிக் லைன் போடுமுன்பே தெரிவியுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்குக் கைச்சிரைகள் தேவைப்படலாம். அவற்றைக் காக்க வேறு வழி பார்ப்போம்.

சிகிச்சை முடிந்தபின் 'இக்குழாய் இன்னும் வேண்டுமா?' என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள். தேவையற்ற குழாய் ஒருநாள் கூடுதலாக இருப்பதும் வீண் இடர். பிக் லைனை எடுக்கும்போது படுத்த நிலையில், மூச்சை அடக்கச் சொல்வோம். அதன்பின் இடும் இறுக்கமான கட்டை 24 மணி நேரம் பிரிக்காதீர்கள்.