என் பெட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை, பிறகு ஏன் காசு?

கடந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், கப்பல் முகவரிடமிருந்து வந்த கடிதத்துடன் எனது மச்சான் வீட்டுக்கு வந்தார். திருகோணமலை நகரில் அவருக்குச் சிறிய துணிக்கடை. அவரது சரக்கை ஏற்றிவந்த கப்பலின் இயந்திர அறையில் நடுக்கடலில் தீப்பிடித்து, இழுவைக் கப்பல் மூலம் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிணைப்பணம் கட்டினால்தான் சரக்கு கிடைக்குமாம்.

"என்ட பெட்டிக்கு ஒண்டும் நடக்கல்லயே. பிறகு ஏன் நான் காசு கட்டணும்?"

ஆசிரியர் கலாசாலையில் வர்த்தகம் படித்தவன் நான். வகுப்பில் ‘ஜெனரல் எவரேஜ்’ என்பதை இரண்டு வரியில் கடந்துபோவது வழக்கம். அன்று அப்படிக் கடக்க முடியவில்லை.

கப்பல், சரக்கு எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து வந்து, அவற்றைக் காப்பாற்றத் தெரிந்தே ஒரு பகுதியை இழந்தாலோ மேலதிகமாகச் செலவழித்தாலோ, தப்பிய அனைவரும் பெறுமதிக்கேற்ப அதைப் பங்கிட வேண்டும். கப்பல் 60 கோடி, சரக்கு 40 கோடி, கடலில் வீசியது 5 கோடி என்று வையுங்கள். ஆளுக்கு 5 வீதம். 20 லட்சத்துக்குச் சரக்கு வைத்திருப்பவர் 1 லட்சம் கட்டுவார். பொருளை இழந்தவரும் தன் 5 வீதத்தைச் சுமப்பார். இழுவைக் கப்பலின் கூலியும் இதில் சேரும்.

தீயில் எரிந்த பெட்டியின் நட்டம் அதன் உரிமையாளருக்கே. தீயணைக்க அடித்த தண்ணீரில் நனைந்த பெட்டியின் நட்டமோ எல்லோருக்கும். முதலாவது விபத்து, இரண்டாவது பிறருக்காகச் செய்த தியாகம்.

6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் தொகுப்பித்த ரோமச் சட்டத் திரட்டிலேயே, ரோட்ஸ் தீவின் சட்டம் என்று இது பதிவாகியிருக்கிறது. ‘எவரேஜ்’ என்ற சொல், பழுதைக் குறிக்கும் ‘அவார்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்திருக்கலாம் என்பார்கள். கணக்குப் பாடத்துச் சராசரிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான்.

நமது ஃபிக்ஹிலும் இந்தப் பேச்சு உண்டு. வீசப்பட்ட வியாபாரப் பொருளின் நட்டத்தை மாலிக்கி அறிஞர்கள் மற்றைய சரக்குகள் மீது பங்கிட்டார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, உயிர்களைக் காக்கப் பொருளை வீசலாம். ஆனால் அனுமதியின்றிப் பிறர் பொருளை வீசியவரே பொறுப்பு. "உன் பொருளை வீசு, நான் பொறுப்பு" என்று சொன்னவர் அதைக் கொடுக்க வேண்டும். எனக்கு மாலிக்கிகளின் வழிதான் இன்றைய கப்பலுக்குப் பொருந்துவதாகப் படுகிறது. துறைமுகத்தில் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. இலங்கையில் கடல்சார் விடயங்களுக்கு ஆங்கிலச் சட்டம் என்பது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ளது. பில் ஒஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தில் யோர்க்-அன்ட்வேர்ப் விதிகளும் இருக்கும். யார் வாசிக்கிறார்கள்!

இது அபூர்வமும் அல்ல. 2024 மார்ச் 26இல் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பல் கொழும்புக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே அதன் உரிமையாளர் ஜெனரல் எவரேஜ் அறிவித்தார்.

சரக்குக் காப்புறுதி இருந்தால் காப்புறுதி நிறுவனமே உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். வழமையான சரக்குக் காப்புறுதியில் மிகக் குறைந்த ‘சி’ வகையிலேயே இந்தப் பங்கு அடங்கும். தகாஃபுல் எடுப்பவர்களும் இது அடங்குகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானிடம் எதுவும் இருக்கவில்லை. கைமாற்று வாங்கிப் பணத்தைக் கட்டினார். துணி பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தது. இறுதிக் கணக்கு இன்னும் வரவில்லை; அதற்கு வருடக்கணக்கு ஆகலாம் என்றிருக்கிறார் முகவர்.