பழைய காரும் கியர்ப்பெட்டி எண்ணெயும்

மாடு வாங்கச் செல்பவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். வீடு வாங்கச் செல்பவன் கூரையை அண்ணாந்து பார்க்கிறான். பழைய மோட்டார்க் கார் வாங்கச் செல்பவனோ பெரும்பாலும் மேற்பூச்சையே பார்த்து மயங்குகிறான். யானும் அவ்வாறே மயங்கினேன். காருக்கும் பல் உண்டு. அப்பற்கள் கியர்ப்பெட்டி என்னும் உலோகக் கூட்டினுள் எண்ணெயில் நனைந்து கிடக்கின்றன. அவற்றின் நிலையறிந்த பின்னரே விலை பேச வேண்டும் என்னும் அறிவு எனக்குக் காசைக் கொடுத்த பின்புதான் வந்தது.

அது 2023ஆம் ஆண்டு. என் மனைவி மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் சென்றுவர வேண்டியிருந்தது. முழங்கால் நோவுடன் அவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைக் காணப் பொறாது, சேமிப்பைத் திரட்டி ஒரு கார் வாங்கத் துணிந்தேன். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடிய கார்களுக்கெல்லாம் யானை விலை. என் கைக்கு எட்டியது 1961ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்தமைத்து, 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்து, 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேலாகப் பெருகிய இனம் அது. யாழ்ப்பாணத்தார்க்கு அதன் குணம் கூற வேண்டுவதில்லை. தொண்ணூறுகளிற் பெற்றோல் தடைப்பட்டிருந்த நாள்களிலே, காபரேற்றரிற் சில துளி பெற்றோல் வார்த்து உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழங்கார்களுள் ஒஸ்ரின் ஏ40உடன் இதுவும் ஒன்று.

வாங்கிய கார் ஓசையின்றி ஓடிற்று. அவ்வமைதி கண்டு மகிழ்ந்தேன். காலை வேளைகளில் மாத்திரம் இரண்டாம் கியர் விழ மறுத்தது. கைப்பிடி சேற்றில் நட்ட கம்புபோல் அசைந்தது. அயலிலுள்ள கராச்சுக்குக் கொண்டு சென்றேன். எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வாத்தியார், இந்த வயசுக் கார் கொஞ்சமெண்டாலும் சத்தம் போட வேணும். இது வாயே திறக்குதில்லை. உள்ளுக்கு ஆரோ தடிச்ச ஒயில் ஊத்தியிருக்கினம்."

அவர் பின்னர் விளக்கியதைப் பண்டித வகுப்பு மாணவர்க்கு ஏற்ற முறையிற் கூறுவேன். உயிரீற்றுச் சொல்லும் உயிர்முதற் சொல்லும் நேரே அடுத்தால் நாத் தடுக்குகிறது. யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக இடையில் வந்து இரண்டையும் இசைவிக்கிறது. மணி, அடித்தான் என்பன மணியடித்தான் ஆகின்றன. எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் அவ்வாறே தம்முள் மாறுபட்டு நிற்பன. அவற்றைத் தாங்கிய பற்களை நேரே மோதவிட்டாற் பல் அரையும். ஆதலின் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களிற் பித்தளை இனத்து வளையம் ஒன்று இடையே நின்று, கூம்பு முகத்தில் உராய்ந்து, இரு வேகங்களையும் ஒன்றாக்கிய பின்னரே பற்களைச் சேரவிடுகிறது. 'சிங்க்ரோமெஷ்' என்பது அதுவே. மொறிஸ் மைனரின் முதலாம் கியருக்கு இவ்வுடம்படுமெய் இல்லை. கார் நின்ற பின்னரே அதனை இடுதல் வேண்டும்; அன்றேல் கிளச்சை இருமுறை மிதித்து, ஓட்டுபவனே வேகங்களை இசைவித்தல் வேண்டும்.

வளையம் தன் தொழிலைச் செய்வதற்கு எண்ணெய் இடங்கொடுக்க வேண்டும். மிகத் தடித்த எண்ணெய், குளிர்ந்த காலையில் வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவே படலமாய் நின்று உராய்வைத் தடுக்கிறது. இக்காரின் கியர்ப்பெட்டிக்கு ஆக்கியோர் விதித்தது எஞ்சினுக்கு இடும் 30ஆம் இலக்க எண்ணெயே. கொள்ளளவு ஏறக்குறைய 1.3 லீற்றர். பின்னச்சுக்குரிய 90ஆம் இலக்க எண்ணெயை, 'கியர் ஒயில்' என்னும் பெயரை நம்பி இதனுள் வார்ப்பாரும் உளர். அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் சூட்டிலே பித்தளையை அரிக்கக்கூடியவை. ஆனால் தடித்த எண்ணெய்க்கு வேறொரு திறமை உண்டு; தேய்ந்த பெட்டியின் ஓலத்தை அது அடக்கிவிடும். விற்போர் சிலர் அதனை விரும்புவது இதன்பொருட்டே.

அப்பெரியார் காட்டிய முறை பழைய கார் வாங்குவோர் எல்லார்க்கும் பயன்படும். முதலிற் கிளச்சைச் சோதித்தல் வேண்டும். அது முற்ற விடுபடாதாயின் எண்ணெயை எத்தனை முறை மாற்றினும் பல் உறுமும். அதன்பின் எண்ணெய் இளகும்வண்ணம் சில மைல் ஓட்டி, காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். அடியிலுள்ள வடிகால் ஆணியைத் தொடுமுன் எண்ணெய் வார்க்கும் வாயின் மூடியைத் திறந்துவிட வேண்டும். உள்ளதை வடித்த பின்னர் வாய் திறவாது போனால், வெறும் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க நேரிடும். வடிந்த எண்ணெயை வெயிலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். நுண்ணிய பித்தளை மினுக்கம் முதுமையின் அடையாளம்; உருக்குத் துண்டுகள் காணப்படின் நோய் முற்றியது என்று கொள்க.

எங்கள் பெட்டியிலிருந்து தேன்பாகுபோல் ஒன்று இறங்கிற்று. மினுக்கம் இருந்தது, துண்டு இல்லை. உரிய எண்ணெயை வார்த்தோம். மறுநாட் காலை இரண்டாம் கியர் தயங்காது விழுந்தது. ஆனால் அதுவரை கேளாத ஓலம் ஒன்று எழுந்தது! முதல் மூன்று கியர்களிலும் ஒலித்து, நான்காவதில் அடங்கிற்று. "லேசாப்ற் போட்டுது," என்றார் பெரியவர். நான்காம் கியரில் விசை நேரே செல்வதால் துணைத்தண்டு சுமையின்றிச் சுழல்கிறது. ஏனையவற்றில் அதுவே சுமை தாங்குகிறது. அதன் ஊசியுருளைகள் தேய்ந்துவிட்டன.

அந்த வாரமே ஒருவர் காரைக் கேட்டு வந்தார். இளம் ஆசிரியர், கைக்குழந்தைக்குத் தந்தை. யான் கொடுத்ததிலும் கூடிய விலை சொன்னார். பழைய எண்ணெய் இன்னும் போத்தலில் இருந்தது. அதனை மீண்டும் வார்த்தால் ஓலம் அடங்கும். என் பணமும் மீளும். எனக்குச் செய்யப்பட்டதைத்தானே யானும் செய்கிறேன் என்று மனம் நியாயம் பேசிற்று. அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாளைக்கு அந்தப் பச்சைப்பிள்ளையை ஏத்திக்கொண்டு போற காரெல்லோ?" என்றாள்.

அவ்வளவே. வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திரும்பிச் சென்றார். பெட்டியை இறக்கி உருளைகளை மாற்ற இரண்டு மாதங்கள் ஆயின. அவ்விரு மாதமும் மனைவி பஸ்ஸிலேயே வைத்தியசாலைக்குச் சென்றாள். குறை சொல்லவில்லை. போத்தலில் இருந்த எண்ணெய் கராச்சுக் கதவின் கீலுக்குப் பயன்பட்டது.

இப்போது எங்கள் கார் முற்றும் ஓசையற்றதன்று. முதலாம் கியர் தன் இயல்பான குரலில் முனகும். அக்குரலை யான் அறிவேன். அது மாறினால் நோயும் அறிவேன். ஆதலின் அதனை நம்பி மனைவியை ஏற்றிச் செல்கிறேன். பழைய கார் வாங்கும் அன்பர்களே, ஓசை கேட்டு அஞ்சற்க. ஓசையே இல்லையெனில், விலை பேசுமுன் எண்ணெய் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள்.